குனியும் ஒட்டகச்சிவிங்கி, குதிக்காத தேவாங்கு: வாசகர் கேள்வி–பதில்

விலங்குகளின் உடலமைப்பைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘ஏன்’ என்ற சொல்லையே சுற்றி வருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஒரு விலங்கிடம் விசித்திரமாகத் தோன்றும் எதுவும், அது வாழும் இடத்தில் அதற்கு நேரும் சிக்கல் இன்னதென்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் இயல்பானதாகவே தோன்றும். ஆகவே, இயன்ற வரையில் அந்தச் சிக்கலை முதலில் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கக் குனியும்போது, அத்தனை உயரத்திலிருந்து இரத்தம் தலைக்குப் பாய்ந்து அது மயங்கி விழாதா? அதன் கழுத்தில் எத்தனை எலும்புகள் இருக்கின்றன?
— பிளஸ் டூ மாணவி, தேனி

எலும்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். உங்கள் கழுத்தில் இருப்பதைப் போலவே அதன் கழுத்திலும் 7 எலும்புகள்தாம். எலிக்கும் 7, யானைக்கும் 7, கழுத்தே இல்லாததுபோல் தோன்றும் திமிங்கலத்திற்கும் 7. பாலூட்டிகளில் இந்த எண்ணிக்கையிலிருந்து விலகுபவை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் விலங்குகளும் மானட்டி என்னும் நீர்வாழ் விலங்கும்தாம். ஒட்டகச்சிவிங்கியிடம் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வோர் எலும்பும் ஒரு முழ நீளத்தில் பாதிக்கும் மேலாக நீண்டுவிட்டது.

உங்கள் முதல் கேள்விதான் ஆழமானது. குனிவதற்கு முன்பு, அது நிமிர்ந்து நிற்பதிலேயே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மருத்துவர் நம் இரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால், இரத்தத்தை ஒரு மீட்டர் உயரத்திற்கு ஏற்றுவதற்கு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகிறது. வளர்ந்த ஒட்டகச்சிவிங்கியின் இதயத்திற்கும் மூளைக்கும் இடையே சுமார் 2 மீட்டர் உயரம் இருப்பதால், ஏறும் வழியிலேயே 150 மில்லிமீட்டர் போய்விடும். அதற்குப் பிறகும் மூளைக்குப் போதிய அழுத்தம் மிஞ்ச வேண்டுமென்றால், அதன் இதயம் நம் இதயத்தைப் போல் இரண்டு மடங்கு அழுத்தத்துடன் ஓயாமல் இயங்கியாக வேண்டும். இதற்காக அதன் இதயத்தின் இடது கீழறைச் சுவர் மிகவும் தடித்திருக்கிறது. நமக்கு இந்த அளவு அழுத்தம் ஏறினால் அது நோய். அதற்கு அதுவே நலம்.

அழுத்தம் தலையில் குறைவதைப் போலவே காலில் கூடவும் செய்யும். நீண்ட நேரம் நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் வீங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டகச்சிவிங்கியின் கால் தோலும் அதன் அடியிலுள்ள சவ்வும் இறுக்கமான உறைபோல் காலைப் பற்றியிருப்பதால், அங்கே நீர் கசிந்து தேங்குவதில்லை. நரம்புச் சுருட்டல் நோய்க்கு மருத்துவர்கள் அணியச் சொல்லும் இறுக்கமான காலுறை செய்யும் வேலையை, பிறவியிலேயே வந்த தோல் அதற்குச் செய்கிறது.

இனி, குனிதல். முன்னங்கால்கள் இரண்டையும் அகலப் பரப்பி அது தலையைத் தாழ்த்தும்போது, தலை இதயத்திற்குக் கீழே போய்விடுகிறது. அப்போது கழுத்தின் பெரிய சிரைகளில் உள்ள வால்வுகள், இதயத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கும் இரத்தம் மீண்டும் தலைப்பக்கம் வழிந்துவிடாமல் தடுக்கின்றன. மூளைக்குச் செல்லும் தமனியோ மூளையின் அடிப்பகுதியில் மிக நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து ஒரு வலைபோல் பின்னி, பிறகு மீண்டும் ஒன்றுசேர்ந்து மூளைக்குள் நுழைகிறது. உடற்கூறியலார் இதனை இலத்தீனில் ‘அற்புத வலை’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பாய்ந்து வரும் இரத்தத்தின் வேகம் அந்த வலையில் தணிகிறது. இந்த வலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே பக்கத்தில் நம் ஊர் விலங்கு ஒன்றிடம் அதை வேறோர் இடத்தில் காணப்போகிறோம்.

ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைப்பதாகப் படித்தோம். அது தவறு என்று என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?
— இல்லத்தரசி, ஈரோடு

உங்கள் மகன் சொல்வதே சரி. திமிலில் இருப்பது கொழுப்பு. அந்தக் கொழுப்பு எரிந்து நீராகிறது என்ற விளக்கமும் பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கொழுப்பு எரியும்போது நீர் உண்டாவது மெய்தான். ஆனால் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனுக்காகக் கூடுதலாக மூச்சுவிட வேண்டும், அந்த மூச்சுடன் வறண்ட பாலைவனக் காற்றில் ஈரமும் வெளியேறும். வரவைச் செலவு தின்றுவிடுகிறது. திமிலின் பயன் உணவுச் சேமிப்பும், கொழுப்பை முதுகில் ஓரிடத்தில் குவித்துவிடுவதும்தான். நம்மைப்போல் உடல் முழுவதும் தோலுக்கடியில் கொழுப்பு பரவியிருந்தால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்பதைப் போல உடல் சூடு வெளியேற வழியின்றித் தவிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் அதன் உண்மையான திறமை, இருப்பதைச் செலவழிக்காமல் இருப்பதில் உள்ளது. நார்வேயில் பிறந்த உடலியங்கியல் அறிஞர் கனுட் ஷ்மிட்–நீல்சன் 1950களில் அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, மாலைக்குள் 40 டிகிரிக்கு மேல் ஏறுவதை அவர் கண்டார். நமக்கு உடல் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் வியர்த்துக் கொட்டும். ஒட்டகமோ பகல் வெப்பத்தை உடலிலேயே தேக்கி வைத்து, இரவின் குளிரில் செலவின்றி வெளியேற்றிவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள ஒட்டகத்திற்கு இந்த வழியில் ஒரு நாளில் மிச்சமாகும் வியர்வை சுமார் 5 லிட்டர். தன் உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை நீரிழப்பால் இழந்தும் அது உயிரோடு நடமாடும். பிறகு நீர்நிலையை அடைந்தால் பத்து நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். அவ்வளவு நீரும் திடீரென இரத்தத்தில் கலந்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடக்கூடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவானவை. இரு மடங்குக்கு மேல் ஊதினாலும் அவை உடைவதில்லை.

ராஜஸ்தானிலும் அரேபியாவிலும் நாம் காண்பவை மனிதரிடம் வளரும் ஒற்றைத் திமில் ஒட்டகங்கள். உண்மையான காட்டு ஒட்டகம் இரட்டைத் திமில் கொண்டது. மங்கோலியா, சீனா நாடுகளின் கோபிப் பாலைவனப் பகுதியில் வாழ்கிறது. உப்புக் கரிக்கும் ஊற்று நீரையும் குடித்து உயிர்வாழும் அந்த இனத்தில் இன்று ஆயிரத்திற்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மகுடி இசைக்குப் பாம்பு மயங்குமா?
— வாசகர், விழுப்புரம்

மயங்காது. பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையா, உட்காது உண்டு. அது கீழ்த்தாடை எலும்போடு தொடர்புடையதால், தரையில் பரவும் அதிர்வுகளையும் காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளில் சிலவற்றையும் பாம்பு உணர்கிறது. மகுடிக்கு முன் நாகம் ஆடுவது, தனக்கு முன்னே அசையும் பொருளை அச்சத்தோடு பின்தொடர்வதுதான். படமெடுத்தல் என்பது கழுத்துப் பகுதியின் விலா எலும்புகளை விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும் எச்சரிக்கை. கூடையைத் திறந்தவுடன் அது படமெடுத்தால், அதற்கு அங்கிருந்து போக வேண்டும் என்று பொருள்.

கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன என்கிறார்களே, அந்த உயரத்தில் அவற்றால் எப்படி மூச்சுவிட முடிகிறது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாங்குநேரி

ஐயா, உங்கள் ஊருக்கு அருகிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தப் பறவைகளைப் பற்றி நீங்கள் கேட்டது பொருத்தமானது. மங்கோலியா, திபெத் போன்ற மேட்டுநிலங்களின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் இவை, இந்தியாவுக்கு வரும் வழியில் இமயமலைத் தொடரைக் கடக்கின்றன. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,290 மீட்டர் உயரத்தில் ஒரு வாத்து பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. நம்மில் ஒருவரைத் திடீரென அங்கே கொண்டுபோய் விட்டால் நடப்பதற்கே திணறுவோம். இந்த வாத்தோ இறக்கையடித்துப் பறக்கிறது.

பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருப்பதால், நம்மைவிட அவை ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்கின்றன. வரித்தலை வாத்துக்கு அதற்கும் மேலான வசதிகள் உண்டு. அதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், தாழ்நில வாத்துகளின் ஹீமோகுளோபினிலிருந்து ஒருசில அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. அந்தச் சிறு மாற்றமே மெல்லிய காற்றிலிருந்தும் ஆக்சிஜனை விரைந்து பற்றும் ஆற்றலைத் தருகிறது. பறக்கும் தசைகளில் இரத்த நுண்குழாய்களும் செறிந்திருக்கின்றன. அது எப்போதும் உச்சியிலேயே பறப்பதும் இல்லை. மலைச்சரிவை ஒட்டியே ஏறியும் இறங்கியும் பறக்கிறது. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவையும் அதிகாலையையும் மலையேறத் தேர்ந்துகொள்கிறது. ஏறிய உயரத்தை விட்டுக்கொடுத்து இறங்குவது வீண்வேலை போலத் தோன்றலாம். ஆனால் மெல்லிய காற்றில் இறக்கையடிப்பது இதயத்திற்குப் பெரும் சுமையாதலால், கீழிறங்கி மீண்டும் ஏறுவதே மொத்தத்தில் சிக்கனம் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

பறவைகள் கலைந்துவிடக்கூடாது என்பதற்காகப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்துவரும் கூந்தன்குளத்து மக்களை இந்த இடத்தில் வணங்குகிறேன்.

புலியின் ஆரஞ்சு நிறம் பச்சைக் காட்டில் பளிச்சென்று தெரியாதா?
— எட்டாம் வகுப்பு மாணவர், கோயம்புத்தூர்

உனக்கும் எனக்கும் தெரியும். மானுக்குத் தெரியாது, தம்பி. நம் கண்ணில் மூன்று வகை நிற உணர்செல்கள் உண்டு, மானுக்கு இரண்டு வகையே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத அதன் கண்ணுக்குப் புலியும் புல்லும் ஏறக்குறைய ஒரே நிறம். அதன்மேல் கறுப்புக் கோடுகள் புல்லின் நிழல்போல் விழுந்து உருவத்தைக் கலைத்துவிடுகின்றன.

மலை இருவாச்சிப் பறவை தன் பெட்டையை மரப்பொந்தில் சிறைவைப்பது உண்மையா?
— தேயிலைத் தோட்டத் தொழிலாளி, வால்பாறை

சிறை என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனெனில் வாயிலை உள்ளிருந்து அடைத்துக்கொள்வது பெட்டையே. உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சம் முதலியவற்றைக் குழைத்து வாயிலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீண்ட பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. பாம்பும் மரமேறும் பிற வேட்டை விலங்குகளும் உள்ளே புக முடியாது. அடைகாக்கும் அந்த மாதங்களில் பெட்டை தன் பறக்கும் சிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. அதுவரை அத்தி முதலிய பழங்களையும் சிறு உயிர்களையும் தேடிக் கொணர்ந்து அந்தப் பிளவு வழியே ஊட்டுவது ஆண் பறவை ஒன்றே. அதை ஒருவர் சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பமும் பட்டினியில் சாகக்கூடும்.

அவ்வளவு பெரிய அலகிருந்தும் மரங்கொத்தியைப் போல் இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்தும் உளுத்தும் தானாக உண்டான பெரிய பொந்தே அதற்கு வேண்டும். அத்தகைய பொந்து முதிர்ந்த பெருமரத்தில்தான் உண்டாகும். கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைக் காத்து வருகிறார்கள். உங்கள் பக்கத்துச் சோலைகளில் அப்படியொரு மரம் கண்ணில் பட்டால், கூடிருக்கும் இடத்தை வனத்துறையினரைத் தவிர வேறு எவருக்கும் சொல்லாதீர்கள்.

எங்கள் தோட்டத்து வேலியில் தேவாங்கு ஒன்று இரவில் வருகிறது. நோய்வாய்ப்பட்டதுபோல் மிக மெதுவாக நடக்கிறது. அதைப் பார்ப்பது கெட்ட சகுனம் என்று பெரியவர்கள் விரட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

விரட்ட வேண்டாம், அதற்கு நோய் எதுவும் இல்லை. மெதுவாக நடப்பதே அது வேட்டையாடும் முறை. இலையும் அசையாமல் நெருங்கி, பூச்சியைக் கையால் சட்டென்று பற்றிவிடும். அந்தப் பெரிய உருண்டைக் கண்கள், சிறிதளவு வெளிச்சத்தையும் விடாமல் வாங்கிக்கொள்வதற்கானவை. விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பியனுப்புவதால்தான், டார்ச் அடித்தால் கண்கள் நெருப்புத்துண்டுபோல் மின்னுகின்றன. அந்த மின்னலைக் கண்டு அஞ்சியதாலும், மந்திர வேலைக்கென்று அதன் உடலைத் தேடியலைந்ததாலும் மனிதர்கள் இந்த எளிய உயிருக்குச் செய்திருக்கும் கொடுமையை எழுதவே கை கூசுகிறது.

மணிக்கணக்கில் ஒரே கிளையைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தும் அதன் பிடி தளர்வதில்லை. முதல் கேள்வியில் சொன்ன ‘அற்புத வலை’ இங்கே வருகிறது: ஒட்டகச்சிவிங்கிக்கு மூளையின் அடியில் இருப்பதைப் போன்ற இரத்தக்குழாய்ப் பின்னல் தேவாங்குக்குக் கைகால்களில் இருக்கிறது. நெடுநேரம் இறுகியிருக்கும் தசைகளுக்கு இரத்தம் தடைப்படாமல் செல்ல அது உதவுகிறது என்று விளக்கப்படுகிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த விலங்குக்காக, உங்கள் மாவட்டத்தையும் கரூர் மாவட்டத்தையும் சேர்ந்த 11,806 எக்டேர் காட்டை 2022இல் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. உங்கள் வேலியில் வருவது பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தின்கிறது. தேவாங்கால் குதிக்க முடியாது. ஒரு கிளையைப் பற்றியபடியே அடுத்த கிளையை எட்டிப் பிடித்துத்தான் மரம் விட்டு மரம் போகும். கிளைகள் தொட்டுக்கொள்ளாத இடத்தில் தரையிறங்க நேர்ந்தால் நாயிடமோ வண்டிச்சக்கரத்திலோ சிக்கிவிடும். எனவே வேலியைக் கழிக்கும்போது முட்செடிகளையும் மரங்களையும் ஒரேயடியாக இடைவெளி விழும்படி வெட்டாமல், கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும்படி ஒரு வரிசையை விட்டுவையுங்கள். கண்ணில் நேராக டார்ச் அடிக்க வேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.