அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கும் பாடசாலையில் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா?

"திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால், கிருமித் தொற்றை முன்கூட்டியே பிடிக்கலாமே?" என்பது கேள்வி. நல்ல எண்ணம்தான், ஆனால் தேவையில்லை.

சிலருடைய சிறுநீரில் பாக்டீரியா நிறைய இருக்கும்; ஆனால் காய்ச்சல், சலக்கடுப்பு, அடிவயிற்று வலி எதுவும் இராது. இதுதான் அறிகுறியற்ற கிருமி இருப்பு. பாடசாலை வயதில் இது பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும்.

1970களில் பிரிட்டனின் கார்டிஃப், ஒக்ஸ்ஃபோர்ட் நகரங்களில் இப்படிப்பட்ட சிறுமிகளை 4 ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சிறுநீரக வளர்ச்சியிலோ தழும்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மருந்தை நிறுத்தினால் கிருமி திரும்பவும் வரலாம், சில வேளை முந்தியதைவிட முரடானதாக. மருந்துக்கு மசியாத கிருமிகளும் பெருகும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மேயும் மான்களை நினைத்துப் பாருங்கள். அவை பாட்டுக்கு நிற்கின்றன. கல்லெறிந்து விரட்டினால்தான் தெருவுக்குப் பாய்ந்து மோட்டார் சைக்கிளில் மோதும். இந்தக் கிருமிகளும் அப்படித்தான். (கோயில் வாசலில் மான்களிடம் வாழைப்பழம் பறிகொடுத்தவர்கள் இந்த உவமையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!)

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு அறிகுறி இல்லாமலும் பரிசோதிப்பார்கள்.

அப்புறம், "பரிசோதிக்க வேண்டாம்" என்பதைச் "சும்மா விடலாம்" என்று பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்: காரணம் தெரியாத காய்ச்சல், சலம் போகும்போது எரிவு, பழக்கம் விட்ட பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைப்பது என்று ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் சிறுநீரைப் பரிசோதிக்கத்தான் வேண்டும்.