துத்தநாகம் கூடினால் ஜெல் இறுகுமா?

கேள்வி: புரதத்தால் ஆன மைக்ரோஜெல் துகள்கள் (நீரைத் தாங்கிய நுண்ணிய ஜெல் துகள்கள்), துத்தநாக அயனியைச் சேர்த்ததும் தாமாகவே உருவாகின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். அயனி அங்கே என்ன செய்கிறது? நிறையச் சேர்த்தால் இன்னும் இறுகுமா?
– வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இறுகாது. ஓர் அளவைத் தாண்டினால் தளர்ந்துகூடப் போகும்.

புரதச் சங்கிலியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் வரும் இடங்களைப் பாருங்கள். அதன் வளையத்திலுள்ள நைட்ரஜன், துத்தநாகம், நிக்கல், தாமிரம் போன்றவற்றின் அயனிகளுக்கு எலக்ட்ரான் இணையைத் தந்து அணைவுப் பிணைப்பு உண்டாக்கும். புரதங்களில் துத்தநாக அயனி பெரும்பாலும் நான்கு பிணைப்புகளை ஏற்கும். ஒன்று இந்தச் சங்கிலியிலிருந்தும் இன்னொன்று அடுத்த சங்கிலியிலிருந்தும் வந்தால் இரண்டுக்கும் நடுவே பாலம் விழுந்துவிடுகிறது. பாலங்கள் பெருகப் பெருக, நீரைத் தன்னுள் வைத்திருக்கும் வலைப்பின்னல் உருவாகிறது.

இப்போது அயனியை அள்ளிக் கொட்டுங்கள். ஒவ்வொரு ஹிஸ்டிடினுக்கும் தனக்கென்று ஓர் அயனி கிடைத்துவிடும். மீதி இடங்களை நீர் மூலக்கூறுகள் நிரப்பிக்கொள்ளும். அப்புறம் பாலம் எங்கிருந்து வரும்? அதனால்தான் என் மாணவர்களிடம் முதலில், "ஒரு ஹிஸ்டிடினுக்கு எத்தனை அயனி?" என்று கேட்பேன்.

இன்சுலினைப் பாருங்கள், எவ்வளவு அழகு! 1969-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் கண்டறிந்த படிக அமைப்பில், ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை வெறும் இரண்டு துத்தநாக அயனிகள் சேர்த்து வைத்திருந்தன. ஒவ்வோர் அயனியையும் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன.

பிஎச் அளவும் முக்கியம். 6-க்குக் கீழே இறங்கினால் அந்த நைட்ரஜனைப் புரோட்டான் பிடித்துக்கொள்ளும், பாலங்கள் அவிழும். இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தாலும் அப்படித்தான். அது அயனியைத் தன்பக்கம் இழுத்துவிடும். இப்படிக் கட்டவும் அவிழ்க்கவும் முடிவதால்தான் மருந்தைச் சுமந்து சென்று விடுவிக்க இத்துகள்கள் பொருந்துமா என்று ஆராய்கிறார்கள்.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசலாக (பஃபர்) பாஸ்பேட் பஃபர் வேண்டாம். துத்தநாகம் அதோடு சேர்ந்து வீழ்படிவாகும். கரைசல் கலங்கியதும் மைக்ரோஜெல் வந்துவிட்டது என்று தோன்றும். எந்த பஃபரானாலும் சரி, முதலில் புரதம் இல்லாத குழாயில் துத்தநாக உப்பைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது தெளிவாகவே இருந்தால் மட்டும் புரதத்தை எடுங்கள்.