மான் வேட்டைக்கு முதல் காம்பவுண்ட் வில்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். அக்டோபர் 1-ல் தொடங்கும் வில் பருவத்தில் முதல் முறையாக வெண்வால் மான் வேட்டைக்குப் போக ஆசை. உயரம் 5 அடி 6 அங்குலம். நொடிக்கு 340 அடி வேகமுள்ள 70 பவுண்டு காம்பவுண்ட் வில்லைத்தான் (முனைகளில் சக்கரம் உள்ள வில்) நண்பர் வாங்கச் சொல்கிறார். கையில் 800 டாலர் இருக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 340 என்பது 70 பவுண்டு வில்லை 30 அங்குலம் இழுத்து, 350 கிரெய்ன் எடையுள்ள லேசான அம்பை எய்து அளந்த எண். உங்கள் கையில் அந்த வேகம் வரவே வராது. வந்தாக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

முதலில் இழுவை நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறீர்கள் என்பது. சுவரில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். உங்களுக்கு 66 அங்குலம் வந்தால், இழுவை 26.5-க்குப் பக்கத்தில் இருக்கும். இதைவிட நீளமாக வைத்தால் தலை பின்னால் சாயும், முன்கையில் நாண் சுளீரென்று அடிக்கும், குறியும் ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. கடையில் நிற்கவைத்துப் பார்த்து அரை அங்குலம் கூட்டியோ குறைத்தோ தருவார்கள்.

அடுத்தது இழுவை எடை, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலம். 70 பவுண்டு வில் என்று சொல்வது இதைத்தான். கடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை நேரே நீட்டி, வானத்தைப் பார்த்து உயர்த்தாமல், மெதுவாக இழுங்கள். திணறினால் அது உங்களுக்கான இழுவை எடை இல்லை. நவம்பர் குளிரில் தடித்த ஜாக்கெட்டோடு மூன்று மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு இழுக்கப்போகிறீர்கள். 20 கஜத்தில் நிற்கும் மான் வில் மேலே போவதைப் பார்த்தால் அடுத்த நொடி அங்கே இருக்காது. 60 பவுண்டு வரை போகும் வில்லை வாங்கி, 50 அல்லது 55-ல் தொடங்குங்கள். லெட்-ஆஃப் (முழுக்க இழுத்ததும் குறையும் பாரம்) 80 சதவீதம் என்றால், முழுக்க இழுத்த பின் 55 பவுண்டில் 11 பவுண்டுதான் கையில் நிற்கும். நாணில் அம்பு இல்லாமல் மட்டும் ஒருபோதும் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள், வில்லே உடைந்துவிடலாம்.

சைட் (குறிபார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி), அம்புக்கூடு எல்லாம் சேர்ந்த தொகுப்பு 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். பழைய வில் என்றாலும் சரிதான், ஆனால் அதன் லிம்ப் (வளையும் கை) மேல் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும்.

மிச்சத்தை அம்பிலும் முனையிலும் போடுங்கள். முனையோடு சேர்த்து 400 கிரெய்ன் அளவில் கார்பன் அம்பு நன்றாக ஊடுருவும். ஸ்பைன் (அம்பின் விறைப்பைக் காட்டும்) எண் கூடக்கூட அம்பு வளைந்துகொடுக்கும். அதனால் உங்கள் இழுவை எடைக்கும் அம்பின் நீளத்துக்கும் ஏற்றதை அட்டவணை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முனைக்கு 100 கிரெய்ன் நிலையான பிளேடு போதும். பட்டவுடன் விரியும் வகை, விரிவதற்கே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். உங்கள் இழுவைக்கு அது வேண்டாம். ரெஸ்ட்டில், அம்பைச் சுற்றிலும் முட்களால் பிடித்துக்கொள்ளும் வகையை எடுங்கள். கை நடுங்கினாலும் அம்பு விழாது. மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி) ஒன்றும் வேண்டும். ஸ்டெபிலைசரை (வில் ஆடாமல் நிறுத்தும் தண்டு) அப்புறம் பார்க்கலாம்.

மரத்தில் ஏறி உட்காரப் போகிறீர்கள் என்றால், முழு உடல் ஹார்னஸுக்கான (விழாமல் காக்கும் பட்டை) காசை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். இதில் என் பேச்சைத் தட்டாதீர்கள். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பயிற்சி முனையைக் கழற்றிவிட்டு வேட்டை முனையையே மாட்டி எய்து பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் படாமல் போவது சகஜம். படாவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் வில்லை டியூன் செய்துகொள்ளுங்கள். 20 கஜத்தில் ஐந்து அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும்வரை, மான் 30 கஜத்தில் நின்றால் எய்யாதீர்கள்.