ஸ்பிட்ஃபயர் காருக்கு ஹெரால்டு எஞ்சின் பொருத்தலாமா?

கேள்வி: 1968இல் பதிவான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரை ஊட்டியில் ஒருவரிடம் வாங்கினேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே உள்ளது, காலாவதியும் ஆகிவிட்டது. மூன்றரை லட்சத்துக்குள் சீரமைத்துத் தருவதாக வாய்மொழியாகச் சொன்ன கோவைப் பட்டறைக்கு 2.80 லட்சம் கொடுத்தேன். 14 மாதமாகியும் வேலை முடியவில்லை. அடித்தகடு முழுதும் துரு என்று மேலும் 2 லட்சம் கேட்கிறார்கள்; தராமல் காரை எடுக்க முடியாதாம். எஞ்சின் பிளாக்கில் விரிசல் என்றும், ஹெரால்டு எஞ்சினைப் பொருத்தினால் செலவு குறையும் என்றும் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: பணத் தகராறை விட எஞ்சின் விஷயமே அவசரமானது என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்: சம்மதிக்காதீர்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உங்கள் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பத்து வண்டிகள். ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் உருவானது. ஆகவே 948 சிசி ஹெரால்டு எஞ்சினைப் பொருத்துவது பட்டறைக்காரருக்கு எளிய யோசனையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் உங்கள் வண்டியின் 1296 சிசி எஞ்சினும் அதன் எண்ணும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் இதை வலியுறுத்தியது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனத்தை விண்டேஜ் (பழம்பெரும்) வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேஸிஸ், பாடி ஷெல் (உடற்கூடு), எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஹெரால்டு எஞ்சின் ஏறினால் அந்த வாய்ப்பு கேள்விக்குறியாகும். பிளாக்கில் விரிசல் உண்மையிலேயே இருந்தால், உலோகத் தையல் (விரிசலை உலோக ஊசிகளால் இணைத்து அடைக்கும் முறை) மூலம் பழைய எண்ணை இழக்காமலே சரிசெய்ய முடியுமா என்று வேறொரு லேத் பட்டறையில் கேளுங்கள். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவும்: விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். ஞாயிறுதோறும் ஊட்டி மலையேற விரும்பினால், சாதாரணப் பதிவைத் தகுதிச் சோதனையுடன் புதுப்பிப்பதே உங்களுக்குப் பொருந்தும்.

இனி பட்டறை காரைப் பிடித்து வைத்திருப்பது குறித்து. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளில் தம் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், ஒப்பந்தத்தில் மாறாக எதுவும் இல்லாதவரை, உரிய ஊதியம் பெறும் வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமை ஒப்படைத்த நோக்கப்படி செய்து முடித்த வேலைக்கே உண்டு. இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான முன்பணத்துக்காகக் காரைப் பிடித்து வைக்க முடியாது. எனவே இதுவரை செய்த வேலைக்கும் வாங்கிய உதிரிபாகங்களுக்கும் பில்லுடன் கணக்குக் கேளுங்கள். அந்த மதிப்பு 2.80 லட்சத்துக்குள் அடங்கினால் அவர்கள் காரை வைத்திருக்க ஆதாரமில்லை. அதே சமயம் பட்டறையின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்: பழைய காரைப் பிரித்த பிறகே துரு முழுதும் தெரியும், வாட்ஸ்அப்பில் அவர்கள் படம் அனுப்ப, நீங்கள் "சரி, பண்ணுங்க" என்று பதில் போட்டிருந்தால் அதைச் சம்மதமாகவே வாதிடுவார்கள். அந்த உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

கணக்கும் காரும் வரவில்லையெனில், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய பின், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, வழக்கெழு காரணம் (வழக்குக்கு அடிப்படையான நிகழ்வு) தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். காரை விடுவிக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். காரை லாபத்துக்கு விற்கும் திட்டம் இருந்தால், அதை நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். வணிக நோக்கம் என்று சொல்லி, நீங்கள் நுகர்வோரே அல்ல என வாதிட அது இடம் கொடுக்கும்.

ஆர்.சி. பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. அந்தக் கெடு கடந்துவிட்டதால் தாமதத்துக்கான தொகையும் வரும். பழைய உரிமையாளர் தொடர்பில் இருக்கும்போதே 29, 30ஆம் படிவங்களில் அவர் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே பட்டறைக்கு நேரில் சென்று, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். எஞ்சின் அங்கில்லை என்றால் விவகாரம் நம்பிக்கை மோசடியாக மாறக்கூடும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். பணம் கட்டியே காரை எடுக்க நேர்ந்தால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று ரசீதில் எழுதுங்கள். வேலை திருப்தி என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள்.