நானோ தொழில்நுட்பத்தைப் பொம்மலாட்டம் மூலம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கயிற்றில் ஆடும் மரப்பொம்மையைவிடத் தோல்பாவைதான் இதற்குச் சரிப்பட்டு வரும் என்பது என் கட்சி. கும்பகோணம் பக்கத்துக்காரன் இப்படிச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். எங்கள் பக்கம் கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய பொம்மையின் கயிறுகளை, ஆட்டுபவர்கள் தங்கள் தலையில் மாட்டிய இரும்பு வளையத்தில் கட்டிக்கொண்டு ஆட்டுவார்கள். அது பரதம் ஆடினால் கண் எடுக்க முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய பொம்மையைத் தூக்கிக் காட்டி, "இது கண்ணுக்கே தெரியாது" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

தோல்பாவையில் விளக்கும் திரையும் இருக்கின்றன. விளக்குக்கும் திரைக்கும் ஐந்தடி. பாவையை விளக்கிலிருந்து அரையடியில் பிடித்தால் நிழல் பத்து மடங்காகிவிடும். கதையை இந்தப் பத்து மடங்கிலேயே ஓட்டலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 1,00,000 நானோமீட்டர். முடிப்பாவை வீங்கித் திரையை அடைத்ததும், அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கான ரத்தச் சிவப்பணு எட்டிப் பார்க்கும். அது வீங்கியதும் பாக்டீரியா. அப்புறம் வைரஸ், புரதம். ஐந்தாவது தடவை வருவது சர்க்கரையின் ஒற்றை மூலக்கூறு. கிட்டத்தட்ட 1 நானோமீட்டர். அட்டையில் வெட்டிய பாவைகளே போதும். விளக்குக்குச் செல்போன் டார்ச் நல்லது. பெரிய பல்பு வைத்தால் பாவை திரையை விட்டு விலகியதுமே நிழலின் ஓரம் கலங்கிவிடும்.

இதோடு நிறுத்தினால் அது நுண்ணோக்கிப் பாடம்தான். பொருள் அவ்வளவு சிறிதானால் அதன் குணமே மாறுகிறது. நானோவின் சங்கதி அங்கேதான் இருக்கிறது. இதற்குத் தங்கத்தை மிஞ்சிய கதாபாத்திரம் இல்லை. சுமார் 20 நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தண்ணீரில் கலந்திருக்கும் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். துகள்கள் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன, சிவப்பு கடந்து வருகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்பை ஆராய்ந்திருக்கிறார். மேடையில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டிய தங்க ராஜா உள்ளே போகட்டும், சிவப்புத்தாள் ஒட்டிய குட்டிப் பாவைகள் கூட்டமாக ஓடி வந்து, "நாங்கதான் ராஜா!" என்று கத்தட்டும்.

அங்கே கேள்வி கேட்க ஆள் வேண்டுமே. தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எதற்கு இருக்கிறார்கள்? ராமாயணத்துக்கு நடுவே புகுந்து கலாட்டா செய்கிற அவர்களையே இங்கேயும் இறக்குங்கள். "ஏன்டா, நகைக்கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று ஒருவன் கேட்க, மற்றவன் தப்பும் தவறுமாக விளக்க, பிள்ளைகளே திருத்துவார்கள். வாத்தியார் குரலில் விளக்கம் சொல்லும் பாவை வேண்டவே வேண்டாம். நான் பார்த்த அறிவியல் பாவைக்கூத்துகள் பலவும் அதில்தான் படுத்தன.

மரப்பொம்மைக்கும் ஒரு காட்சி உண்டு. 1989-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுவனத்தின் பெயரையே எழுதினார்கள். மேலிருந்து ஒருவர் ஆட்ட, கீழே ஒன்று நகர்வதைக் கயிற்றுப் பொம்மைதான் அழகாகக் காட்டும்.

தாமரை இலையை மட்டும் பொம்மையாக்காதீர்கள். நம் பக்கத்துக் குளத்திலேயே கிடைக்கிறது, இல்லாவிட்டால் வாய்க்கால் கரைச் சேம்பு இலை. பிள்ளைகள் கையில் கொடுத்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். துளி ஒட்டாமல் உருண்டு ஓடுவதற்குக் காரணமான நுண்ணிய மெழுகு முடிச்சுகளைப் பிறகு திரையில் காட்டலாம்.

டெல்டாவில் இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: "அப்பா வாங்கிட்டு வந்த நானோ யூரியாவும் இதுதானா?" உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021-ல் கொண்டுவந்த அந்த அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்றார்கள், அதைச் சந்தேகிக்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஆளுக்கொன்றாகப் பேசிச் சண்டை போடட்டும். தீர்ப்பு சொல்லப் பாவை எதுவும் வர வேண்டாம்.