கோடி கொண்டு வந்த மாமா

கேள்வி: எழுபத்திரண்டு வயதில் போன வருடம் அம்மா தவறிவிட்டார். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். அடுத்த மாதம் வருஷத் திதி. அன்று ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க ஆசை. எழுதினால் எட்டுப் பக்கத்தைத் தாண்டவில்லை. அம்மா பிறந்தது அரூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம். மூன்றாவது வரை படித்தவர். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு கல்யாணத்தில் மனஸ்தாபம் ஆகி, இருபது வருடமாக அங்கே போக்குவரத்து இல்லை. சாவுக்கு மட்டும் மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்து வந்துவிட்டு, உடனே போய்விட்டார். மீதிப் பக்கங்களில் தாயைப் பற்றிய கவிதைகள் போடலாமா? எழுத உட்கார்ந்தாலே அழுகை வருகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அழுதுகொண்டே எழுதுங்கள் தம்பி. கவிதை வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். கேட்காமல் விட்டதைத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

"சாவுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் வாசல் மிதிக்காத மனிதர், சேதி கேட்டதும் கடைக்குப் போய் அக்காவுக்குச் சேலை எடுத்து, பஸ் ஏறி வந்திருக்கிறார். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் அக்கா போகக் கூடாது என்று வந்தவர் அவர். அன்று அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்தது யார்? பஸ் ஏற்றிவிட்டது யார்? யாருமே இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிகிறது.

சண்டை போட்டது இரண்டு ஆண்கள். பிறந்த வீட்டை இழந்தது உங்கள் அம்மா. இருபது பொங்கலுக்கு அவருக்குச் சீர் வரவில்லை. ஆடிக்கு அழைப்பு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அண்ணன் தம்பி வந்து நிற்கும்போது அவர் அடுப்படியில் என்ன வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டாரோ! வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "வாம்மா, மாமாவைப் பார்த்துட்டு வரலாம்" என்று சொன்னீர்களா?

அம்மா பிறந்தபோது இரண்டு ஊரும் சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரி மாவட்டம் ஆனது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்ததும் பிறந்த வீடு ஒரு மாவட்டம், வாழ்க்கைப்பட்ட வீடு ஒரு மாவட்டம் ஆகிவிட்டது. அதனால் பஸ் நிற்கவில்லையே தம்பி. நிறுத்தியது நீங்கள்தான்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வரும். எல்லாவற்றிலும் அம்மா விடியுமுன் எழுந்திருப்பார், களி கிண்டுவார், கடைசியில் சாப்பிடுவார். பொய்யில்லை. ஆனால் அது பிள்ளைகள் பார்த்த அம்மா. பத்து வயதுச் சிறுமியாக அவரைப் பார்த்த கண்கள் இப்போது அரூர் பக்கம் அந்த ஒரு வீட்டில்தான் இருக்கின்றன. சாமைக் கொல்லையில் யாரோடு களை எடுத்தார், புளி உலுக்கப் போன இடத்தில் எதற்கு அடி வாங்கினார், தீர்த்தமலைத் திருவிழாவுக்கு எப்படிப் போனார், இதெல்லாம் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவதோடு படிப்பு ஏன் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் நம் பக்கம் தம்பி பிறந்தால் அக்காவின் பள்ளிக்கூடம் நிற்கும். குழந்தை இடுப்பில் ஏறும். அப்படி அவர் தூக்கி வளர்த்த குழந்தைதானோ கோடி கொண்டு வந்தது? போய்க் கேளுங்கள்.

பாலக்கோடு பக்கம் என் பெரியம்மா இருந்தார். என் அம்மாவின் சின்ன வயசுக் கதைகளைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைப்பேன். கடைசியில் நான் போனது அவருடைய காரியத்துக்கு. அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

அப்பா என்ன சொல்வாரோ என்று தயங்காதீர்கள். அவர் மனஸ்தாபம் அவரோடு இருக்கட்டும். தாய்மாமனை அழைப்பது உங்கள் கடமை. ஊர்ப் பெயரை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். மாமாவுக்கு வேட்டி துண்டு, மாமி இருந்தால் ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, பழம். போனில் அழைக்காதீர்கள், நேரில் தட்டை நீட்டித் திதிக்குக் கூப்பிடுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அம்மா விளையாடிய தெருவை அவர்களும் பார்க்கட்டும்.

திதி நாள் தள்ளாது. மலர் தள்ளலாம். அச்சகத்துக்காரரிடம் இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.