சீனியரிடம் "காலேஜ் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரமே உறவுக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் போன் போய்விடும். அத்தை மகள் "ரொம்ப நல்ல காலேஜ்" என்பாள். அதே கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் "அங்க மட்டும் வேணாம் ஆன்ட்டி" என்பான். யாரை நம்புவது என்று குழம்பாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவள் படிப்பது கணக்கியல், அவன் படிப்பது ஐ.டி. விரிவுரையாளர், லேப், பரீட்சை எல்லாமே வேறு.

வளாகம் மாறினாலும் அப்படித்தான். யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாணவி ஒருத்தி பினாங்குத் தீவு வாழ்க்கையைப் புகழ்ந்தால், அவள் சொல்வது மிண்டன் வளாகத்தை. பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது, மருத்துவம் கிளந்தானில் குபாங் கெரியானில். பொறியியலுக்குப் போகும் உங்கள் மகனுக்கு அவள் அனுபவம் உதவாது.

அதனால் அதே படிப்பு, அதே வளாகம், இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் இருப்பவர் யார் என்று தேடுங்கள். முதல் செமஸ்டர் பிள்ளைக்கு இன்னும் எல்லாமே புதுசு. படிப்பை முடித்து ஆறேழு வருடம் ஆனவர் சொல்லும் விரிவுரையாளர்கள் இப்போது அங்கே இருக்கிறார்களோ இல்லையோ. பாதியில் நின்ற ஒருவர் கிடைத்தால் அவரிடமும் அவசியம் பேசுங்கள். ஏன் நின்றார் என்பதில்தான் நிறைய விஷயம் இருக்கும். சில தனியார் கல்லூரிகளில் நண்பரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் கழிவு உண்டு. அதற்காகவும் ஒருவர் புகழலாம் என்பதால், உங்களுக்குக் கழிவு கிடைக்குமா என்று நேரடியாகவே கேட்டுவிடலாம், தப்பில்லை.

கருத்தை விட்டு நடந்ததைக் கேளுங்கள். போன செமஸ்டரில் எத்தனை பாடத்துக்கு விரிவுரையாளர் பாதியில் மாறினார்? உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள்? தொழிற்பயிற்சிக்கு இடம் பார்த்துக் கொடுத்தது கல்லூரியா, நீங்களேவா?

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது "கட்டணம் எவ்வளவு" என்பதோடு நிறுத்தாதீர்கள். போன செமஸ்டர் ரசீதை எடுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பரீட்சைக் கட்டணம், லேப் கட்டணம், விடுதி முன்பணம் என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வராதவை அதில் தெரியும். ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடி எடுக்க எவ்வளவு, அந்தப் பாடம் எப்போது திரும்ப வரும் என்றும் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால், அதை முடித்தால்தான் எடுக்கக்கூடிய அடுத்த பாடமும் தள்ளிப்போகும். ஒரே ஒரு தோல்வியில் படிப்பு ஒரு வருடம்கூட நீளலாம், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடவே நீளும். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடனை நம்பியிருக்கும் குடும்பங்கள் முதல் பணம் எந்த மாதம் வந்தது, அதுவரை கல்லூரி காத்திருந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

சீனியரால் சொல்ல முடியாத ஒன்று அங்கீகாரம். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் படிப்பின் முழுப் பெயரையும் வளாகத்தையும் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்குப் பெயர் இருப்பதால் எல்லாப் படிப்புக்கும் அங்கீகாரம் இருக்கிறது என்று ஆகாது. புதிய படிப்பாக இருந்தால் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே இருக்கலாம். முழு அங்கீகாரம் எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், பொறியியல் பட்டம் என்றால் பொறியாளர் வாரியத்தின் பட்டியல், தாதியர் என்றால் தாதியர் வாரியம். இவற்றில் இல்லாத பட்டத்தோடு அந்தத் தொழிலில் பதிவு செய்வது பெரும்பாடு.

"நம்ம பிள்ளைங்க அங்க இருக்காங்களா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வீட்டை விட்டு முதல்முறை போகும் பிள்ளைக்குத் துணை தேவைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

புதியவர்களை வரவேற்கும் திறந்த நாளில் (ஓப்பன் டே) எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை போய், கேண்டீனில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெருநிலத்து பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குத் தினமும் போய்வர நினைப்பவர்கள், எட்டு மணி வகுப்புக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் பாலத்து நெரிசலையும் பார்த்துவிடுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையான யூ.பி.யூ. முடிவு வருமுன் தனியார் கல்லூரியில் பதிவுப் பணம் கட்டச் சொன்னால், அரசாங்க இடம் கிடைத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் விலக வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது பிறகு நிற்காது.